எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. ஒருவரின் அரசியல் வாழ்க்கையை எதை வைத்து எடைபோடுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமம் உங்களுடையது. உங்கள் தொகுதியில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எம்.எல்.ஏ.வாக இருந்தபோது, எதைக் கேட்டாலும் "ஆட்சி நம்ம கையில இல்லையே" என்றுதான் பதில் வந்தது. அப்படியானால் ஆட்சியில் இல்லாத ஒருவர் இருபது, முப்பது வருஷம் அரசியலில் இருப்பதற்கு என்ன பொருள்? கேள்வியில் கோபம் தெரிகிறது. நியாயமான கோபம்தான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வுக்கு நடைமுறையில் கையில் என்ன இருக்கிறது என்பது ஒன்று. அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தன் ஆயுளை எப்படிச் செலவிடுகிறார் என்பது இன்னொன்று. முதலாவதற்கு உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதில் என் கணிப்பும் கலந்திருக்கும். எது கணிப்பு என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் தேவகோட்டைக்காரன். ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராகச் செய்தி அனுப்பத் தொடங்கி, பிறகு சென்னையில் சட்டமன்றச் செய்தியாளர் மாடத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்து எழுதியவன். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. எங்கள் பக்கத்து எம்.எல்.ஏ.க்கள் ஊரில் எப்படி இருக்கிறார்கள், கோட்டையில் எப்படி இருக்கிறார்கள் என்று இரண்டையும் பார்க்கக் கிடைத்தது. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பணம். தொகுதி மேம்பாட்டு நிதி 234 உறுப்பினர்களுக்கும் ஒரே அளவுதான். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதம் அதில் கிடையாது. அந்தப் பணம் எம்.எல்.ஏ. கைக்கு வருவதில்லை. என்ன வேலை என்று அவர் பரிந்துரைக்கிறார், மாவட்ட ஆட்சியர் நிர்வாக ஒப்புதல் தருகிறார், ஒன்றியமோ நகராட்சியோ டெண்டர் விட்டுச் செய்கிறது. வகுப்பறை, ரேஷன் கடைக் கட்டடம், ஊருணிக்குப் படித்துறை, பயணிகள் நிழற்குடை இப்படித்தான் வருகின்றன. ஒரு தொகுதியில் எத்தனை ஊராட்சிகள் இருக்கின்றன என்று பார்த்தால் 3 கோடி பெரிய தொகையே இல்லை. ஆனாலும் ஐந்து வருஷத்தில் 15 கோடி. இந்தப் பணத்தைப் பொறுத்தவரை "ஆட்சி இல்லை" என்ற பதில் செல்லாது. 2022 ஆகஸ்டில் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்துக்காக எல்லா எம்.எல்.ஏ.க்களிடமும் பத்து முக்கியக் கோரிக்கைகளை அரசு கேட்டது. எதிர்க்கட்சியினரும் பட்டியல் கொடுத்தார்கள். உங்கள் எம்.எல்.ஏ. என்னென்ன பரிந்துரைத்தார் என்று நீங்கள் கேட்கலாம். எப்படிக் கேட்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பணத்தைவிடப் பெரிய கருவி சட்டமன்றக் கேள்வி. இதை வெளியில் இருப்பவர்கள் சரியாக மதிப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் துணை வினாக்கள் கேட்கலாம். குறியில்லாத வினாவுக்கு எழுத்தில் பதில் வரும். கேள்வியின் அச்சு மாறவே மாறாது: (அ) இன்ன ஊரில் இன்ன ஆற்றின் குறுக்கே பாலம் கட்ட அரசு ஆவன செய்யுமா? (ஆ) ஆம் எனில், எப்போது? பதிலின் அச்சும் அப்படித்தான்: (அ) இல்லை. (ஆ) கேள்வி எழவில்லை. ஊரில் இதைக் கேட்பவர்கள் "அவ்வளவுதானா?" என்று சிரிப்பார்கள். ஆனால் அந்த ஒரு வரியை எழுத, துறைச் செயலாளர் அலுவலகத்திலிருந்து தலைமைப் பொறியாளருக்கும், அங்கிருந்து கோட்டப் பொறியாளருக்கும், அவரிடமிருந்து உதவிப் பொறியாளருக்கும் கோப்பு இறங்கி வந்து ஏற வேண்டும். அதுவரை யாருமே எட்டிப்பார்க்காத இடத்துக்கு ஒரு ஜீப்பாவது போயிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒரு காட்டாற்றின் மேல் தரைப்பாலம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் மேலே போகும். அந்த நாட்களில் அக்கரைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அப்போதைய எம்.எல்.ஏ. எதிர்க்கட்சி. முதல் கூட்டத்தொடரில் கேட்டார். "இல்லை, எழவில்லை" வந்தது. அடுத்த வருஷம் நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கையில், அதாவது அந்தத் துறையின் செலவுக்குப் பேரவை ஒப்புதல் தரும் விவாதத்தில், வெட்டுத் தீர்மானம் கொடுத்தார். தொகையைக் குறைக்கக் கோருவதுபோல் குறையைப் பதிவு செய்யும் வழி அது. பேச நேரம் கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் வேறொருவர் கேட்ட கேள்வியில் துணை வினாவாக எழுந்து, தரைப்பாலத்தின் கிலோமீட்டர் கல் எண்ணைச் சொல்லிக் கேட்டார். அமைச்சர், "உறுப்பினர் சொல்லும் இடம் ஆய்வு செய்யப்படும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மாடத்தில் இருந்த எங்களில் பலர் அதைக் குறித்துக்கொள்ளவே இல்லை. அவர் குறித்துக்கொண்டார். அவையில் அமைச்சர் "செய்யப்படும்" என்று ஒரு சொல் சொன்னால் அது உறுதிமொழி. அரசு உறுதிமொழிக் குழு என்று பேரவைக்கு ஒரு குழு உண்டு. அது என்னவாயிற்று என்று துறையைக் கூப்பிட்டுக் கேட்கும். குழு கேட்டது, மதிப்பீடு தயாரானது, கோப்பு உயிரோடு இருந்தது. பாலத்துக்குப் பணம் ஒதுக்கியபோது ஆட்சி மாறி, எம்.எல்.ஏ.வும் மாறிவிட்டார். இன்றைக்கு அந்தப் பாலத்தின் கல்வெட்டில் இருப்பது வேறு பெயர்.

இப்படி முடிவதுதான் அதிகம் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எதிர்க்கட்சியில் இருப்பவர் செய்த வேலையின் பலன் பெரும்பாலும் அடுத்தவர் கணக்கில்தான் ஏறும். அதனால் கல்வெட்டை வைத்து அவரை அளந்தால் கணக்கு தப்பாகத்தான் வரும். அரசாங்கத்தைப் பதிவில் பேச வைத்தாரா, பேசியதைப் பிடித்துக்கொண்டு விடாமல் பின்னாலேயே போனாரா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் முதலாவதைப் பலரும் செய்கிறார்கள். இரண்டாவதைச் செய்பவர்கள் குறைவு.

வெளிநடப்பு பற்றிச் சிலர் கோபப்படுகிறார்கள், "சம்பளம் வாங்கிக்கொண்டு வெளியே வந்து நிற்கிறார்கள்" என்று. இதில் நான் முழுதாக ஒத்துப்போக மாட்டேன். விதி 110 என்று ஒன்று உண்டு. அதன்கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ அறிக்கை வாசித்தால் அதன்மேல் விவாதம் கிடையாது. 2011-க்குப் பிந்தைய ஆண்டுகளில் பெரிய பெரிய அறிவிப்புகள் அந்த விதியின்கீழ் வந்துகொண்டே இருந்தன. அவசரப் பிரச்சினைக்கு, மற்ற அலுவலை நிறுத்திவைத்து இதைப் பேசுங்கள் என்று விதி 56-ன்கீழ் ஒத்திவைப்புத் தீர்மானம் கொடுத்தால் அனுமதிப்பது பேரவைத் தலைவர் கையில். பேசியதில் சில சொற்கள் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டால் பத்திரிகை அதைப் போடவும் முடியாது. கேள்வி நேரம் நேரலையில் வரத் தொடங்கியதே 2022-இல்தான். அதற்கு முன் எதிர்க்கட்சிக்காரர் உள்ளே என்ன பேசினார் என்று ஊருக்குத் தெரிய, மறுநாள் பேப்பரில் இரண்டு வரி வந்தால் உண்டு. வெளியே வந்து வராண்டாவில் மைக்குகள் முன்னால் நின்றால் அன்று மாலையே ஊர் பார்க்கும். அதனால் வெளிநடப்பு ஒரு வழியாகிப் போனது. ஆனால் மானியக் கோரிக்கை நாட்களிலும் வெளியே நிற்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். தொகுதிக்காகப் பேசக் கிடைக்கும் அரிய நேரம் அது.

எண்ணிக்கையும் முக்கியம். எதிர்க்கட்சித் தலைவர் என்ற அங்கீகாரத்துக்குப் பேரவையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 24 பேர் வேண்டும். 2011-இல் தே.மு.தி.க. 29 இடம், தி.மு.க. 23. ஆட்சியிலிருந்து இறங்கிய கட்சிக்கு அந்த நாற்காலி கிடைக்கவில்லை. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். 2016 பிப்ரவரியில் அவர் கட்சி எம்.எல்.ஏ.க்கள் எட்டுப் பேர் பதவி விலக, எண்ணிக்கை 24-க்குக் கீழே போய் அந்தப் பதவியும் போயிற்று. இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. 1991-இல் அ.தி.மு.க.வோடு கூட்டணி வைத்து ஜெயித்த காங்கிரஸ்தான் பேரவையில் அதிகாரப்பூர்வ எதிர்க்கட்சி. 1996-இல் தி.மு.க.வோடு சேர்ந்து ஜெயித்த தமிழ் மாநில காங்கிரஸுக்கு (த.மா.கா.) 39 பேர்; அதன் சட்டமன்றக் கட்சித் தலைவர் சோ. பாலகிருஷ்ணன்தான் எதிர்க்கட்சித் தலைவர். நிஜமான எதிரணியோ 1991-இல் தி.மு.க. 2 இடம், 1996-இல் அ.தி.மு.க. 4 இடம் என்று சுருங்கிக் கிடந்தது. ஆகவே "எதிர்க்கட்சி எம்.எல்.ஏ." என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல நிலைகள் இருக்கின்றன. எதிர்வரிசையில் உட்கார்ந்தும் ஆட்சியோடு உறவில் இருந்தவர்கள் உண்டு. ஆட்சியைத் தாங்கிப்பிடித்தும் அமைச்சரவையில் இடமில்லாமல் இருந்தவர்களும் உண்டு. 2006-இல் 96 இடத்தோடு நடந்த தி.மு.க. ஆட்சியில் காங்கிரஸ் இருந்த நிலை அதுதான்.

சரி, ஆயுள் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் ஊரிலேயே பார்க்கலாம். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் சா. கணேசன். உங்கள் வயதில் இருப்பவர்கள் கம்பன் அடிப்பொடி என்ற பெயரைக் கம்பன் விழாப் பந்தலில் கேட்டிருப்பீர்கள், அவர் எம்.எல்.ஏ.வாக இருந்தார் என்று பலருக்குத் தெரியாது. 1908-இல் பிறந்தவர். காங்கிரஸ்காரராகச் சுதந்திரப் போராட்டத்தில் நின்றவர். சட்டை போடமாட்டார், வேட்டியும் மேலே ஒரு துண்டும்தான். 1959-இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1962 தேர்தலில் அந்தக் கட்சி சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் வென்றது மொத்தமே 6 இடம். அதில் ஒன்று காரைக்குடி, வென்றவர் சா. கணேசன். காமராசரின் காங்கிரஸுக்கு அப்போது 139 பேர், தி.மு.க.வுக்கு 50. ஆக, அவர் எதிர்வரிசையிலும் சிறுபான்மை.

லைசென்ஸ், பெர்மிட், கோட்டா என்று அரசாங்கம் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொள்கிறது என்பது சுதந்திராக் கட்சியின் முக்கியக் குற்றச்சாட்டு. அது செட்டிநாட்டில் ஏன் எடுபட்டது என்பதற்கு என் கணிப்பு ஒன்று உண்டு. 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்டக் கால்வாசி நிலம் நகரத்தார் கையில் இருந்தது. போரும், பிறகு வந்த நிலத் தேசியமயமும் அதைக் கொண்டுபோயின. அரசாங்கம் ஒரு கையெழுத்தில் சொத்தை எடுத்துக்கொள்ளும் என்பதை வீட்டுக்கு வீடு அனுபவித்த ஊர் இது. அந்த ஊரில் அந்தக் கட்சியின் பேச்சுக்குக் காது இருந்திருக்கும். அதோடு சா. கணேசன் என்ற மனிதர்மேல் இருந்த மரியாதையும் சேர்ந்தது. எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல நான் துணியமாட்டேன்.

அவர் 1967 வரை எம்.எல்.ஏ., பிறகு 1968 முதல் 1974 வரை, அப்போது மாநிலத்தில் இருந்த இரண்டாவது அவையான சட்ட மேலவையில் உறுப்பினர். ஒரு நாளும் அமைச்சரில்லை. ஆனால் 1939-இல் அவர் தொடங்கிய கம்பன் கழகம் இன்றும் நடக்கிறது; பங்குனியில் காரைக்குடியில் விழா நடந்து, நிறைவு நாள் நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதி இருக்கும் இடத்தில் நடக்கிறது. பிள்ளையார்பட்டிக் குடைவரையைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். தமிழ்த்தாய்க்கு ஒரு கோயில் வேண்டும் என்பது அவர் எண்ணம்; காரைக்குடியில் அதற்கு 1975-இல் அடிக்கல் நாட்டியவர் முதலமைச்சர் மு. கருணாநிதி. ராஜாஜியின் கட்சிக்காரர் ஒருவரின் கனவுக்குத் தி.மு.க. முதல்வர் கல் வைத்தார். அந்தக் காலத்து அரசியலில் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் இது ஒன்று. அவர் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வாக எத்தனை அரசாணை வாங்கித் தந்தார் என்று கேட்டால் பட்டியல் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் ஊருக்கு அவர் விட்டுச்சென்றது சின்னதில்லை. 1982-இல் காலமானார்.

சா. கணேசனுக்கு இருந்த மேலவை என்ற இடம் பின்னால் வந்தவர்களுக்கு இல்லாமல் போனது. 1986 நவம்பரில் அது கலைக்கப்பட்டது. தேர்தலில் தோற்றவரோ, தேர்தலே சரிப்படாத படித்தவரோ எதிரணியில் இருந்து பேச ஒரு அவை இருந்தது போயிற்று. இன்றைக்குத் தோற்றால் ஐந்து வருஷம் தெருதான். சிராவயலில் ஆசிரமம் நடத்திய ஜீவா (ப. ஜீவானந்தம்) 1952 முதல் 1957 வரை வண்ணாரப்பேட்டை எம்.எல்.ஏ.வாகக் கம்யூனிஸ்ட் எதிர்வரிசையில் இருந்தார்; வாழ்நாள் முழுக்க ஆளுங்கட்சி வரிசையில் உட்காரவே இல்லை. சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் 1957-இல் திருக்கோஷ்டியூரில் தி.மு.க. சார்பில் நின்று தோற்றார். சில வருஷத்தில் கட்சியையும் விட்டு வெளியே வந்தார். ஒருவர் தாங்கினார், ஒருவர் தாங்கவில்லை. கவிஞருக்குப் போக வேறு உலகம் இருந்தது.

இப்போதைய காலத்துக்கு வந்தால், மூன்று விதமான பாதை நம் பகுதியில் தெரிகிறது. ஒன்று, காத்திருப்பது. திருப்பத்தூரில் கே.ஆர். பெரியகருப்பன் 2006-இல் வென்று அமைச்சரானார். 2011-இல் தி.மு.க. 23 பேராகச் சுருங்கியபோதும் வென்றார், 2016-இலும் வென்றார், பத்து வருஷம் எதிர்வரிசை, 2021-இல் மறுபடி அமைச்சர். கட்சி தோற்ற அலையிலும் தன் தொகுதியைத் தக்கவைப்பது லேசான காரியமில்லை. இரண்டாவது, மாறுவது. திருமயம் எஸ். ரகுபதி 1991-இல் வென்ற அ.தி.மு.க. ஆட்சியில் அமைச்சர், பிறகு தி.மு.க.வுக்கு வந்து, புதுக்கோட்டை எம்.பி.யாகி மத்திய இணையமைச்சர். 2016-இல் திருமயத்தில் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.; 2021-இல் மாநிலச் சட்ட அமைச்சர். பதவிக்காலத்தின் நடுவில் கட்சி மாறினால் 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் பதவியைப் பறித்துவிடும். அதனால் மாற்றமெல்லாம் தேர்தலை ஒட்டித்தான் நடக்கும். மூன்றாவது, தேசியக் கட்சியில் இருந்துகொண்டு கூட்டணிக்கு ஏற்ப இடம் மாறுவது. கே.ஆர். இராமசாமி பக்கத்துத் திருவாடானையில் 1989 முதல் 2006 வரை ஐந்து தேர்தல்கள் வென்றவர், காங்கிரஸாகவும் த.மா.கா.வாகவும். 2016-இல் காரைக்குடியில் வென்று, 8 பேர் கொண்ட காங்கிரஸ் சட்டமன்றக் கட்சிக்குத் தலைவரானார்.

காரைக்குடியில் இந்த மூன்றாவது பாதைதான் அதிகம், அதற்குக் காரணமும் இருக்கிறது. பெரிய கட்சிகள் இந்தத் தொகுதியைக் கூட்டணிக்குக் கொடுத்துவிடுகின்றன. 1996-இல் த.மா.கா., 2001-இல் தி.மு.க. கூட்டணியில் பா.ஜ.க.வின் எச். ராஜா, 2006, 2016, 2021-இல் காங்கிரஸ். இடையில் 2011-இல் மட்டும் அ.தி.மு.க.வே நின்று வென்றது. ஆக, காரைக்குடி தி.மு.க.விலோ அ.தி.மு.க.விலோ வளரும் உள்ளூர்க்காரருக்கு எம்.எல்.ஏ. சீட்டு என்பது எளிதில் எட்டாத இடத்தில் இருக்கிறது. அவர் ஒன்றியத்திலோ நகரத்திலோ நின்றுவிடுகிறார். திராவிடக் கட்சிகளில் உண்மையான அதிகாரம் எம்.எல்.ஏ. பதவியைவிட மாவட்டச் செயலாளர் பதவியில் இருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்க்கட்சியாக இருக்கும்போது மறியல், ஆர்ப்பாட்டம், காலையில் கைது, சாயங்காலம் கல்யாண மண்டபத்திலிருந்து விடுதலை எல்லாவற்றுக்கும் ஆள் திரட்டுவது, சாப்பாடு போடுவது அவர்தான். அந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது நான் ஆதாரத்தோடு பேசக்கூடிய விஷயம் இல்லை, அதை விட்டுவிடுகிறேன்.

அப்புறம் ஊரில் அவர்கள் நாள் எப்படிப் போகிறது என்று ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியில் அது இல்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. நம் மாவட்டத்துக் கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான். அதுவரை தனி அலுவலர் ஆட்சி. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடாத தெரு, எதற்கும் மக்கள் போக மாநில அளவில் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒரே ஆள் எம்.எல்.ஏ. அவரோ எதிர்க்கட்சி. அதிகாரியிடம் சொல்லலாம், அதட்ட முடியாது.

அந்தக் காலத்தில் ஒரு எம்.எல்.ஏ. வீட்டு முகப்பில் காலை ஏழு மணிக்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். திண்ணை நிறைய ஆட்கள். ஒரு ஆச்சி, முதியோர் உதவித்தொகை நின்றுபோய்விட்டது என்று வங்கிப் புத்தகத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். உதவியாளர் கடைசியாக எந்த மாதம் பணம் ஏறியது என்று பார்த்து, தனி வட்டாட்சியருக்கு லெட்டர் பேடில் நாலு வரி எழுதினார். அடுத்து, சவூதியில் இறந்துபோன தம்பியின் உடலைக் கொண்டுவர அலைந்துகொண்டிருந்த அண்ணன். அவர் கையில் பாஸ்போர்ட் நகல் மட்டும் இருந்தது. எம்.எல்.ஏ. அங்கேயே ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை, மறுபடி போட்டார். மூன்றாவது, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை யாரோ மண் போட்டு அடைத்துவிட்டார்கள் என்று ஐந்தாறு பேர். அதற்கு அவர் கடிதம் கொடுக்கவில்லை. "நாளைக்குக் காலையில நானே வர்றேன், சர்வேயரையும் வரச் சொல்றேன், நீங்க எல்லாரும் அங்க இருங்க" என்றார். இதற்கிடையில் இரண்டு கல்யாணப் பத்திரிகை, ஒரு சாந்திக்கு (அறுபதாம் கல்யாணத்துக்கு) அழைப்பு, ஒரு துக்க வீடு. இவை எதுவும் சட்டமன்ற உறுப்பினரின் வேலை என்று எந்த விதியிலும் எழுதியிருக்காது. ஆனால் எதிர்க்கட்சிக்காரர் மறுபடி ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இந்தத் திண்ணையில்தான் முடிவாகிறது என்பது என் எண்ணம். கூட்டணியும் அலையும் அதற்கு மேலே.

உங்கள் எம்.எல்.ஏ. சொன்ன "ஆட்சி இல்லை" என்ற பதிலில் பாதி உண்மை என்று இப்போது தெரிந்திருக்கும். புதிய கல்லூரி, புறவழிச்சாலை, பெரிய கூட்டுக் குடிநீர்த் திட்டம் போன்றவை ஆட்சியின் முடிவு. அவரால் கேட்க மட்டுமே முடியும். அதிகாரி மாற்றம், டெண்டர் இவற்றில் அவருக்குச் செல்வாக்கு இருக்காது, சில இடங்களில் அரசு விழா மேடையில் நாற்காலிகூடக் கிடைக்காது. மற்றப் பாதி அவர் பொறுப்பு. பொதுக் கணக்குக் குழு, மனுக்கள் குழு, உறுதிமொழிக் குழு இவற்றில் எதிர்க்கட்சி உறுப்பினர்களும் உண்டு. பொதுக் கணக்குக் குழுவின் தலைமையை எதிர்வரிசைக்குக் கொடுப்பது மரபு என்று பொதுவாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அது கறாராக நடப்பதில்லை. 2021-இல் அந்தப் பொறுப்பு ஆளும் கூட்டணியில் இருந்த காங்கிரஸின் செல்வப்பெருந்தகைக்குப் போயிற்று. ஆனாலும் உறுப்பினராக இருந்தாலே தணிக்கை அறிக்கையை வைத்து அதிகாரிகளைக் கேள்வி கேட்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது இது. சிவகங்கை மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். உங்கள் தொகுதிக்கு அந்த ஐந்து ஆண்டில் மேம்பாட்டு நிதியில் பரிந்துரைத்த வேலைகள், ஒப்புதல் கிடைத்தவை, முடிந்தவை என்று ஆண்டுவாரியாகக் கேளுங்கள். இன்னொரு மனுவைச் சட்டமன்றப் பேரவைச் செயலகத்துக்குப் போட்டு, அவர் பெயரில் அனுமதிக்கப்பட்ட வினாக்களின் பட்டியலையும் பதில்களையும் கேளுங்கள். பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் அவர் மானியக் கோரிக்கைகளில் பேசியதைத் தேடிப் படியுங்கள். ஒரே பிரச்சினை இரண்டாவது, மூன்றாவது வருஷமும் அவர் கேள்வியில் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அவர் விடாமல் துரத்தியிருக்கிறார். ஒருமுறை கேட்டு அதோடு போயிருந்தால் அதுவும் அந்தத் தாளிலேயே தெரியும். பதில் 30 நாளில் வர வேண்டும்; வராவிட்டால் அந்த அலுவலகத்திலேயே மேல்முறையீட்டு அலுவலர் ஒருவர் இருப்பார், அவருக்கு எழுதுங்கள். கைக்கு வந்ததும் இங்கே போடுங்கள், எந்தக் கேள்வி எந்தக் குழுவுக்குப் போயிருக்கும் என்று சேர்ந்து பார்க்கலாம்.